ரோபோ கைக்கு அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி வீட்டுலயே செய்ய வேண்டிய வேலைகள்

எங்க அம்மானுக்கு, அதாவது தாய்மாமாவுக்கு, வலது கை முழங்கைக்குக் கீழ ஒரு சாண் வரைக்கும்தான் இருக்கு. காரைக்குடிப் பக்கம் புதுவயல்ல ஒரு ரைஸ் மில்லுல பெல்ட்டு சட்டைக்கைய இழுத்துருச்சு. ஆஸ்பத்திரியில மூணு வாரம் இருந்துட்டு வீட்டுக்கு வந்து புண்ணு ஆறுறதுக்குள்ள சொந்தக்காரவுக எல்லாரும் வாட்ஸப்புல ரோபோ கை வீடியோவா அனுப்ப ஆரம்பிச்சுட்டாக, ஒண்ணுல ஒருத்தர் முட்டைய ஒடையாம புடிக்கிறாரு, இன்னொண்ணுல விரல் விரலா மடங்குது, அதப் பாத்துட்டு எங்க ஆயா நகைய வித்தாவது இதையே வாங்கிப்புடுவோம்னாக. நான் இசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன், எனக்கும் அப்ப அந்த மோட்டாரும் விரலுந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. ரெண்டரை வருசம் அம்மான் கூடவே இருந்து பாத்துட்டு இப்ப சொல்றேன், மோட்டார் கடைசியா வர்ற விசயம். ஸ்டம்ப் (வெட்டுப்பட்டு மிச்சம் இருக்கிற கை), வலி, சிக்னல், சாக்கெட் (ஸ்டம்ப் மேல மாட்டுற கூடு), இந்த நாலும் தயாரானதுக்கப்பறம்தான் கை. அவசரப்பட்டு வாங்குன கை எத்தனையோ வீட்டுல பீரோவுக்குள்ள தூங்குது, அது உங்க வீட்டுல நடக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

மொதல்ல அந்தக் கை எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கங்க. உங்க இடது கையால வலது முன்னங்கைய, முழங்கைக்குக் கொஞ்சம் கீழ, நல்லா புடிச்சுகிட்டு வலது கை விரல மடக்கி விரிச்சுப் பாருங்க, தோலுக்கு அடியில சதை நெளியும். விரல அசைக்கிற பெரிய தசை எல்லாம் அங்கதான் இருக்கு, அங்க இருந்து தசைநார் கயிறு மாதிரி விரலுக்குப் போகுது. அதனால முழங்கைக்குக் கீழ கை போனவங்களுக்கு அந்தத் தசையில ஒரு பங்கு இன்னும் உசுரோட இருக்கு, அதுக்கு வர்ற நரம்பும் இருக்கு, மூளை இன்னமும் "மூடு", "திற"ன்னு உத்தரவு போட்டுகிட்டுதான் இருக்கு. தசை சுருங்கும்போது தோல் மேல ரொம்பச் சின்ன மின்சாரம் வரும், பெரும்பாலும் ஒரு சில மில்லிவோல்ட்டுக்குள்ளதான். சாக்கெட்டுக்குள்ள இருக்கிற எலக்ட்ரோடுங்கிற உலோகப் பொட்டு அதைப் புடிச்சு, பெருசாக்கி, மோட்டார ஓட்டுது. இதுக்குப் பேருதான் மயோஎலக்ட்ரிக், அந்த சிக்னலுக்கு இஎம்ஜின்னு பேரு. 1940கள்லயே ஜெர்மனியில ரைன்ஹோல்ட் ரைட்டர்னு ஒருத்தர் இதைச் செஞ்சு பாத்துட்டாரு. விரலுக்கு ஒரு மோட்டார்னு ஐ-லிம்ப் கை கடைக்கு வந்தது 2007ல.

அப்ப வீடியோவுல சொல்ற "மூளையால இயங்குற கை" பொய்யான்னு கேட்டா, பொய் இல்ல, ஆனா அது வேற விசயம். அமெரிக்காவுல பிரெயின்கேட்னு ஒரு ஆராய்ச்சி, மூளையில அசைவுக்குன்னு இருக்கிற பகுதியில 4 மில்லிமீட்டர் சதுரத்துல கிட்டத்தட்ட நூறு ஊசி வச்ச ஒரு சிப்பைப் பதிச்சாங்க, கழுத்துக்குக் கீழ செயலிழந்து போன ஒரு அம்மா, மனசால மட்டுமே ஒரு ரோபோ கைய நகர்த்தி பாட்டில் காபிய தானே வாய்கிட்ட கொண்டுவந்து குடிச்சாங்க, 2012ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. எலான் மஸ்க்கோட நியூராலிங்க் கம்பெனியும் இதே மாதிரி ஒண்ண 2024 ஜனவரியில மொத ஆளுக்குப் பதிச்சது, அவரு அதை வச்சு கம்ப்யூட்டர் கர்சர நகர்த்துறாரு. இதெல்லாம் உத்தரவு தசை வரைக்கும் போகவே வழியில்லாதவங்களுக்காக நடக்கிற ஆராய்ச்சி. ஸ்டம்ப்ல தசை இருக்கிறவங்களுக்கு மண்டையத் தொறக்க வேண்டிய அவசியமே இல்ல, அந்தத் தசையே நரம்போட சிக்னலப் பெருசாக்குற ஆம்ப்ளிஃபையர் மாதிரி. தோள் வரைக்கும் கை போனவங்களுக்குக்கூட சிகாகோவுல டாட் கூய்க்கென்னு ஒரு டாக்டர், துண்டாகிப்போன கை நரம்ப நெஞ்சுத் தசையோட சேத்துவிட்டு, கைய மூடணும்னு நெனச்சா நெஞ்சுல ஒரு இடம் துடிக்கிற மாதிரி செஞ்சு, அந்தத் துடிப்ப வச்சு கைய ஓட்டுற வழியக் கொண்டுவந்தாரு. அதனால யாராவது "இது நேரா மூளையப் படிக்குது"ன்னு சொல்லி வெலைய ஏத்துனா, எந்த இடத்துல எலக்ட்ரோடு வைக்கிறீங்கன்னு கேளுங்க. தோல் மேலன்னா அது இஎம்ஜிதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

தையல் பிரிச்சு, டாக்டர் சரின்னு சொன்னதும் எலாஸ்டிக் கட்டு போட ஆரம்பிக்கணும். ஸ்டம்ப் மொதல்ல வீங்கித்தான் இருக்கும், அப்படியே அளவெடுத்தா ரெண்டு மாசத்துல சாக்கெட்டு லொடலொடன்னு ஆயிரும். கட்ட வட்டமா சுத்தக் கூடாது, எட்டு போடுற மாதிரி சாய்ச்சு சாய்ச்சு சுத்தணும், நுனியில இறுக்கமா, மேல வர வர தளர்வா. வட்டமா இறுக்குனா ரத்தம் நுனியில தேங்கிரும். நாலு மணி நேரத்துக்கு ஒருதடவையாவது அவுத்துப் பாத்துட்டு திரும்பக் கட்டுங்க, எங்க அயித்தை ரெண்டே நாள்ல நர்ஸ விட நல்லா கட்டக் கத்துகிட்டாக. கூடவே முழங்கைய நீட்டி மடக்குறது, முன்னங்கைய சாவி திருப்புற மாதிரி உருட்டுறது, தோள சுத்துறது, இத தெனமும் செய்யணும், வலிக்குதுன்னு நெஞ்சோட அணைச்சே வச்சுருந்தா முழங்கை அப்படியே இறுகிரும். ராத்திரி மைல்டு சோப்பு போட்டுக் கழுவி நல்லா தொடச்சு காய விடுங்க. காலையில கழுவாதீங்க, ஈரத்தோட சாக்கெட்டு போட்டா தோல் ஊறிப் பிஞ்சுரும்.

அடுத்தது வலி. இது ஸ்டம்ப்ல வர்ற வலி இல்ல, இல்லாத கையில வர்ற வலி. அம்மானுக்கு ராத்திரியில அந்த இல்லாத கை இறுக்கி மூடுன மாதிரியே இருக்கும், நகம் உள்ளங்கையில குத்துதுன்னு சொல்வாரு, வெளிய சொல்ல வெக்கப்பட்டுகிட்டு ஒரு மாசம் அப்படியே தாங்கிகிட்டாரு. வீட்டுல யாருக்காவது இப்படி இருந்தா பைத்தியம்னு நெனச்சுறாதீங்க, இதுக்கு ஃபேன்டம் வலின்னு பேரு, ரொம்பப் பேருக்கு வரும். கண்ணாடிய வச்சு இதைக் கொறைக்கலாம்னு 1990கள்ல காட்டுனவரு வி.எஸ்.ராமச்சந்திரன்னு ஒரு மூளை ஆராய்ச்சியாளர், நம்ம ஊருக்காரரு, சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்சவரு.

நாங்க செஞ்சது இப்படி. மொதல்ல வளவு வீட்டுல பழைய பெல்ஜியம் கண்ணாடி இருக்கேன்னு அதை எறக்குனோம், பாதரசம் போயி கறுப்பு கறுப்பா புள்ளி, கை கையாவே தெரியல, அதோட தூக்க ரெண்டு ஆள் வேணும். அப்பறம் கண்ணாடிக் கடையில ரெண்டடிக்கு ஒன்றரையடி சாதாக் கண்ணாடி வாங்கி, ஓரம் கிரைண்டிங் பண்ணி, பின்னால ப்ளைவுட் அடிச்சு மேசை மேல நிக்கிற மாதிரி வச்சோம். ஆளு மேசைக்கு முன்னால உக்காந்து, கண்ணாடிய நெஞ்சுக்கு நேரா, மூக்குல இருந்து கோடு போட்ட மாதிரி நிறுத்தணும், நல்ல கை கண்ணாடிக்கு முன்னால, ஸ்டம்ப் பின்னால மறைவா. தலைய லேசா சாய்ச்சு கண்ணாடிய மட்டும் பாத்தா போன கை திரும்ப வந்த மாதிரி தெரியும். மொத நாள் அம்மானுக்கு ஒண்ணுமே ஆகல. ஏன்னு பாத்தா நல்ல கையில பிள்ளையார்பட்டியில கட்டிவிட்ட செவப்புக் கயிறு, கல்லு வச்ச மோதிரம், வாட்ச். அந்தக் கையில அதெல்லாம் இருந்ததே இல்ல, மூளை எப்படி நம்பும். கழட்டி வச்சுட்டு மறுபடி உக்காந்தோம், நல்ல கைய மெதுவா மூடி மெதுவா விரிக்கச் சொன்னேன், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல செய்யற மாதிரி நெனைக்கச் சொன்னேன், நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ "விரிஞ்சுருச்சுடா"ன்னாரு, அவ்வளவுதான் சொன்னாரு, கண்ணு தளும்பிருச்சு. தெனம் ரெண்டு வேளை, பத்துல இருந்து பதினஞ்சு நிமிசம் போதும். எல்லாருக்கும் இது கேக்காது, சில பேருக்கு தலை சுத்தும், மனசு ஒடைஞ்சுரும், அப்ப நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திரையும் இருக்கு. இந்தக் கண்ணாடிப் பயிற்சி வலிக்கு மட்டும் இல்ல, இல்லாத கைய விரிக்கவும் மூடவும் அம்மான் இங்க பழகுனதுதான் அடுத்த கட்டத்துக்கு அப்படியே ஒதவுச்சு.

அடுத்த கட்டம் சிக்னல். நான் ரொம்ப வற்புறுத்துறது இதைத்தான். மயோ கைக்கு கொறைஞ்சது ரெண்டு இடம் வேணும், முன்னங்கையோட உள்பக்கத் தசை ஒண்ணு, அது மூடுறதுக்கு, வெளிப்பக்கத் தசை ஒண்ணு, அது திறக்குறதுக்கு. ஆளு கண்ண மூடிகிட்டு இல்லாத மணிக்கட்ட உள்பக்கம் மடக்கட்டும், நீங்க விரல வச்சுத் தடவிப் பாத்தா ஒரு எடத்துல சதை டப்புனு எழும்பும், பேனாவால வட்டம் போட்டுக்கங்க. வெளிப்பக்கம் மடக்கச் சொல்லி அந்தப் பக்கமும் அதே மாதிரி.

அதை கண்ணால பாக்க ஒரு வழி இருக்கு. பயோஆம்ப் இஎக்ஸ்ஜி பில்னு இந்தியாவுலயே பண்ற சின்ன சென்சார் போர்டு ஆன்லைன்ல கெடைக்கும், அதோட ஆர்டுயினோன்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, ஈசிஜிக்கு ஒட்டுற ஜெல் எலக்ட்ரோடு ஒரு பாக்கெட்டு. வட்டம் போட்ட இடத்துல தசை ஓடுற வாக்குல ரெண்டு எலக்ட்ரோடு, நடுவுல ரெண்டு சென்டிமீட்டர் எடைவெளி, மூணாவது முழங்கை எலும்பு மேல. ஆர்டுயினோவ லேப்டாப்புல சொருகி, அதோட சாப்ட்வேர்ல இருக்கிற சீரியல் ப்ளாட்டர தொறந்தா கோடு ஓடும். ஒரு விசயம், இத வெளையாட்டா எடுத்துக்காதீங்க: ஆளு உடம்புல வயர் இருக்கிற வரைக்கும் லேப்டாப் சார்ஜர் சொருகியிருக்கக் கூடாது, பேட்டரியில மட்டுந்தான் ஓடணும். கரண்டு பாதுகாப்பு மொத காரணம், ரெண்டாவது, சார்ஜர் சொருகுனா 50 ஹெர்ட்ஸ் எரைச்சல் வந்து சிக்னலே தெரியாது. பேஸ்மேக்கர் வச்சவங்க, ஸ்டம்ப்ல புண்ணு இருக்கறவங்க இதத் தொடாதீங்க. ஆஸ்பத்திரியில இதே வேலைய அவங்க மெசின்லயே பண்ணுவாங்க, வசதி இருந்தா அங்கயே போங்க.

முகப்புல பாய விரிச்சு சாயங்காலம் உக்காருவோம். அமுக்குங்கன்னு சொன்னா கோடு குருவி பறந்த மாதிரி மேல போகும், விடுங்கன்னா எறங்கணும், எறங்காது. இதுதான் யாரும் சொல்லித் தராத விசயம், அமுக்கறது ஈஸி, விடுறதுதான் கஷ்டம். விடத் தெரியலன்னா மோட்டாருக்கு "இன்னும் மூடு, இன்னும் மூடு"ன்னே உத்தரவு போகும், கையில இருக்கிற டம்ளர் நசுங்கும். அதனால அஞ்சு செகண்டு அமுக்கி, அஞ்சு செகண்டு முழுசா விட்டு, பத்து தடவை, அப்பறம் ஓய்வு. அதுக்கப்பறம் ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி சேனல் போட்டு, உள்பக்கம் அமுக்கும்போது வெளிப்பக்கக் கோடு அசையாம கெடக்கணும், அப்படியே மாத்தி. அம்மானுக்கு மொத வாரம் ரெண்டும் சேந்தே எழும்பும், பல்லக் கடிச்சு தோளத் தூக்கி அமுக்குவாரு, அதான் காரணம். பாதி பலத்துல அமுக்குங்க மாமான்னு ஒரு சின்னப் பய சொன்னான், அவன் சொன்னதுதான் சரி, மெதுவா அமுக்குனா தனித்தனியா பிரியுது. ரெண்டையும் வேணும்னே ஒண்ணா டப்புனு அமுக்கறதையும் பழகணும், நெறைய கையில அதுதான் மணிக்கட்டு திருப்புறதுக்கு மாத்துற சுவிட்சு. பத்து நிமிசத்துக்கு மேல வேண்டாம், தசை களைச்சா சிக்னல் தப்பாக் காட்டும். மூணு வாரத்துல பிரிஞ்சு வந்துச்சுன்னா மயோ கைக்கு தைரியமா போகலாம்.

சாக்கெட்டு. எங்களுக்கு மொதல்ல ஒரு ஊர்ல ஒரு எடத்துல அளவெடுத்து நேரா முடிஞ்ச சாக்கெட்டயே கையில குடுத்துட்டாங்க, முழங்கை எலும்பு மேல அழுத்தி ரெண்டு நாள்ல கன்னிப் போச்சு, எலக்ட்ரோடு தசை மேல உக்காரவே இல்ல, பணமும் போச்சு. இரண்டாவது எடத்துலதான் கத்துகிட்டோம்: ப்ளாஸ்டர்ல அச்செடுத்து, மொதல்ல கண்ணாடி மாதிரி தெரியுற ப்ளாஸ்டிக்ல ஒரு டெஸ்ட் சாக்கெட்டு போடணும். அதைப் போட்டுகிட்டு கைய ஆட்டுனா எங்க தோல் வெளுத்துப் போகுதுன்னு வெளிய இருந்தே தெரியும், வெளுத்தா அழுத்தம் அதிகம். டெஸ்ட் சாக்கெட்டு போடாத எடத்துல அட்வான்ஸ் குடுக்காதீங்க. கையோட வெலைய மட்டும் கேக்காம, ஸ்டம்ப் சுருங்குனா அடுத்த சாக்கெட்டு யாரு செலவு, மேல போடுற கிளவுசு கிழிஞ்சா எவ்வளவு, பேட்டரி கழட்டி மாத்தலாமா, ரிப்பேருக்கு எந்த ஊருக்கு அனுப்பணும், எத்தனை நாளாகும், அதுவரைக்கும் மாத்துக் கை தருவாங்களான்னு எல்லாத்தையும் பேப்பர்ல வாங்குங்க. மதுரையோ திருச்சியோன்னா காலையில போயி சாயங்காலம் வந்துரலாம், சென்னைன்னா விடியக்காலைப் பல்லவன் ரயில்தான், ஒவ்வொரு சின்ன ரிப்பேருக்கும் அப்படிப் போயி வரமுடியுமான்னு இப்பவே யோசிச்சுக்கங்க.

எந்தக் கைன்னு கேட்டா, என் அபிப்ராயம் ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன். வயல், மில்லு, தண்ணி, தூசி, இதுலதான் பொழப்புன்னா தோளுல பெல்ட்டு போட்டு கேபிள் இழுத்து வேலை செய்யற கொக்கிக் கைதான் நல்லது. பேட்டரி வேண்டாம், கொறைஞ்ச வெலை, அதோட எவ்வளவு இறுக்கிப் புடிக்கிறோம்னு கேபிள் இழுவையில தோளுக்கே தெரியும். பாக்க நல்லா இல்லன்னு ஒதுக்காதீங்க. கடை, ஆபீஸ், நாலு பேரோட பழகுற வேலைன்னா மயோ. விரல் தனித்தனியா மடங்குற கை பல லட்சம், கிட்டத்தட்ட அரைக்கிலோ எடை, அது ஸ்டம்ப்ல தொங்குறப்ப ஒரு கிலோ மாதிரி இருக்கும். அம்மான் எடுத்தது ஒரே மோட்டார்ல கட்டைவிரலும் ரெண்டு விரலும் சேந்து மூடுற கை. பெரும்பாலான மயோ கையில தொடுற உணர்ச்சி வராதுன்னு வச்சுக்கங்க, கண்ணுதான் காவல், சூடு தெரியாது, அடுப்புப் பக்கம் அந்தக் கைய நீட்டவே கூடாது.

கை வந்ததும் மொத நாளே போட்டுகிட்டு கல்யாண வீட்டுக்குப் போகாதீங்க. அரைமணி நேரம் போட்டு, கழட்டி, தோலப் பாக்கணும். செவப்பு இருக்கும், இருபது நிமிசத்துல போயிரணும், போகலன்னா திரும்பப் போடாம சாக்கெட்டு பண்ணவர்கிட்ட போங்க. கொஞ்சம் கொஞ்சமா நேரத்த ஏத்துங்க. மொதல்ல மேசை மேல ஸ்பாஞ்சு, அப்பறம் காலி ப்ளாஸ்டிக் டம்ளர், அப்பறம் பேப்பர் கப்பு. மேசை மேல நல்லா வர்றது கைய மேல தூக்குனா வராது, தோள் தூக்கும்போது முன்னங்கைத் தசையும் வேற மாதிரி இறுகும், அதனால தொங்கவிட்டு, நீட்டி, தலைக்கு மேலன்னு எல்லா நிலையிலயும் பழகணும். இன்னொண்ணு, வலது கைக்காரரா இருந்தாலும் இனிமே இடதுதான் மெயின், மயோ கை புடிச்சுக்கற கை. எழுத்த இடதுக்கு மாத்திருங்க. மயோ கைய பாத்திரம் புடிக்க, பை வாயத் தொறந்து வைக்க, காயி நகராம அமுக்கிக்கன்னு பழக்குங்க. அம்மானுக்கு பெரிய ஆசை வேட்டிய தானே கட்டணும்ங்கறதுதான், பேன்ட்டுக்கு மாறச் சொல்லியும் கேக்கல. வேட்டியோட ஒரு முனைய இடுப்போட வச்சு மயோ கை கவ்விப் புடிச்சுக்கும், இடது கை சுத்திக் கொண்டுவந்து சொருகும், அப்பறம் மயோ கைய விடணும். அந்த விடுறதுலதான் ஒரு மாசம் போச்சு, வேட்டியும் சேந்து வந்துரும், முகப்புல கத்துகிட்ட "விடு" பயிற்சி அங்கதான் கைகுடுத்துச்சு.

நம்ம ஊரு வெயிலப் பத்தி தனியா சொல்லணும். சித்திரையில பதினோரு மணிக்கு மேல சாக்கெட்டுக்குள்ள வேர்த்துக் கொட்டும், ரெண்டு எலக்ட்ரோடுக்கு நடுவுல வேர்வை ஓடுனா சிக்னல் கலங்கி கை தானா தொறக்கும். மதியம் ஒருதடவை கழட்டி பழைய பருத்தி வேட்டித் துணியால உள்ளயும் தோலையும் தொடச்சுட்டுப் போடுங்க. ஆனா காலையில போடும்போது தோல் ரொம்பக் காஞ்சிருந்தாலும் சிக்னல் வராது, எலக்ட்ரோடு படுற எடத்துல ஒரு சொட்டு தண்ணி தடவிட்டுப் போட்டா ஒடனே புடிச்சுக்கும். பவுடர் கொட்டாதீங்க. பேட்டரி லித்தியம் அயான், வெயில்ல நிறுத்துன கார்ல விட்டுட்டுப் போனா ஆயுசு கொறையும், தலைமாட்டுல வச்சு ராத்திரி பூரா சார்ஜ் போடாதீங்க.

கை இருந்தும் பக்கவாதத்துல அசையாதவங்களப் பத்தியும் ரெண்டு வார்த்தை. அவங்களுக்கு வழி வேற, செயலிழந்த கைய திரும்பத் திரும்ப அசைய வச்சு மூளையப் பழக்கறது. மேல சொன்ன அதே கண்ணாடி இங்கயும் ஒதவும். வேலூர் சிஎம்சியும் ஐஐடி மெட்ராசும் சேந்து புளூட்டோன்னு ஒரு சின்ன ரோபோ செஞ்சிருக்காங்க, மணிக்கட்டு, விரல்னு பிடிய மாத்தி மாத்திப் போட்டு கேம் மாதிரி வெளையாடிகிட்டே பயிற்சி எடுக்கலாம். அமெரிக்காவுல ஐப்சிஹேண்ட்னு ஒண்ணுக்கு 2021ல அங்க மருந்து, மருத்துவக் கருவிகளப் பாக்குற எஃப்டிஏ அனுமதி குடுத்தாங்க, தலையில மாட்டுற தொப்பி மூளை அலையப் படிச்சு, நெனச்ச நேரத்துல கைய விரிச்சு விடும். நம்ம பக்கம் இப்போதைக்கு பிசியோ டாக்டரோட சேந்து செய்யற பயிற்சிதான் அடிப்படை, சீக்கிரம் ஆரம்பிக்கணும், அவ்வளவுதான்.

காகித வேலைய தள்ளிப் போடாதீங்க. யுடிஐடி கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு, ஸ்வாவ்லம்பன் தளத்துலயோ இ-சேவையிலயோ பதிஞ்சு, மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிடுறப்ப ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், போட்டோ எல்லாம் ரெண்டு ரெண்டு காப்பியா கொண்டு போங்க. பாதிப்பு 40 சதவீதமாவது வந்தாத்தான் பெரும்பாலான உதவி கெடைக்கும். கார்டு வந்ததும் சிவகங்கையில மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல செயற்கைக் கைக்கு மனு குடுங்க, மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் குடுக்கிற மத்திய அரசோட அடிப் (ADIP) திட்டத்துலயும் கேளுங்க, முகாம் எப்பன்னு போன் பண்ணி விசாரிச்சுகிட்டே இருக்கணும். மில்லு, ஃபேக்டரியில வேலை செய்யும்போது நடந்த விபத்துன்னா இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு, இருக்கான்னு மொத நாளே பாருங்க, இருந்தா செயற்கைக் கைச் செலவையும் அதுலயே கேக்கலாம், விபத்து ரிப்போர்ட்ட அந்த வாரமே எழுதி கையெழுத்து வாங்கி வச்சுக்கங்க. எங்க அம்மானுக்கு அந்த ரிப்போர்ட்டு எட்டு மாசம் கழிச்சுத்தான் கெடைச்சுச்சு, அந்த எட்டு மாசமும் சிவகங்கை பஸ்லயே போச்சு.